சாவிக்கு முன்னால் கையெழுத்து

ஆறு வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். இப்போது ஒரு சின்ன வீட்டை நானே வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆகவே இரண்டு பக்கத்துச் சங்கடமும் தெரியும்.

இரண்டாவது வீட்டில் வாடகை ஒப்பந்தத்தின் இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டு, முன்பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்காரர், "கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன். ராத்திரி போட்டு வைக்கிறேன், நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க" என்றார். நல்ல மனிதர்தான், ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. நாளைக்கு என்றது அடுத்த வாரமானது, அப்புறம் நானும் விட்டுவிட்டேன். காலி செய்தபோது பெயின்ட் செலவு என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் இரண்டு பிரதியும் அவர் வீட்டு அலமாரியில். என் கையில் இருந்தது, ஒருவர் கையெழுத்தும் இல்லாத வரைவு.

அதற்குப் பிறகு ஒரே முறைதான். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பணமும் சாவியும் அதற்கப்புறம்தான் கைமாறும்.

வரைவை இரண்டு நாள் முன்பே வாங்கிப் படித்துவிடுங்கள். கையெழுத்துப் போடும் அன்றைக்குப் படிக்க ஆரம்பித்தால், எதிரில் ஒருவர் காத்திருக்கும் கூச்சத்திலேயே பாதியைத் தாண்டிவிடுவோம். முத்திரைத் தாள் வேண்டுமா, பதிவு செய்ய வேண்டுமா, எத்தனை சாட்சி என்பதெல்லாம் ஊருக்கு ஊர் சட்டம் மாறும். அதையும் இந்த இரண்டு நாளில் விசாரித்துவிடலாம்.

எதிரில் உட்காருபவர் உண்மையில் உரிமையாளர்தானா? இதைக் கேட்கத்தான் பலருக்கும் தயக்கம். சொத்துப் பத்திரமோ வரி ரசீதோ காட்டச் சொல்வதில் தவறே இல்லை. வீடு கணவன், மனைவி இரண்டு பேர் பெயரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போடட்டும். மகனோ தம்பியோ வந்து போடுவதானால், அவருக்கு அந்த அதிகாரம் கொடுத்த எழுத்தின் நகல் ஒப்பந்தத்தோடு சேர வேண்டும். குடிவரும் பக்கமும் அப்படித்தான். மூன்று நண்பர்கள் சேர்ந்து எடுத்தால் மூன்று பேர் பெயரும், மூன்று கையெழுத்தும். பெயரெல்லாம் அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும்.

அப்புறம் வெற்றிடங்கள். வாடகை, முன்பணம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, இதில் ஒன்றுகூடக் காலியாக இருக்கக் கூடாது. "அதை அப்புறம் நிரப்பிக்கலாம்" என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். கையால் எழுதிய 1 சுலபமாக 7 ஆகிவிடும், 'ஓராயிரம்' என்ற சொல் அவ்வளவு சுலபத்தில் ஏழாயிரம் ஆகாது. தேவைப்படாத கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு. திருத்தம் வந்தால் வெள்ளை மை பூசாமல், பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடாக அடித்து, மேலே புதியதை எழுதி, பக்கத்திலேயே இருவரும் சுருக்கொப்பம் இடுங்கள். இரண்டு பிரதியிலும் அதே திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் செய்துவிட்டு மற்றதில் மறப்பது சகஜம்.

எல்லாப் பக்கத்திலும் இருவரின் ஒப்பம் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் நடுவில் ஒரு தாளை மாற்றினாலும் தெரியாது. வீட்டில் உள்ள சாமான் பட்டியலும் ஒப்பந்தத்தின் பகுதிதான்: மின்விசிறி 3, சாவி 2 செட், குளியலறைக் கண்ணாடியில் மூலையில் விரிசல், அன்றைய மின் மீட்டர் அளவு. அதிலும் ஒப்பம். சாட்சிகள், நீங்கள் இருவரும் போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பெயர், முகவரியோடு போடட்டும்.

என் கோப்பில் இரண்டு நீல மைப் பேனாக்களோடு ஒரு படிக்கும் கண்ணாடியும் இருக்கிறது. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தால் மின்கையொப்பம் போடலாம். ஆனால் உங்கள் ஒப்பந்தத்துக்கு அது செல்லுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்தைப் படம் பிடித்துக் கோப்பில் ஒட்டி அனுப்புவதை நான் ஏற்பதில்லை. யார், எந்த நேரத்தில் ஒப்பமிட்டார் என்று பதிவு வைக்கும் சேவை நல்லது, அந்தப் பதிவையும் ஒப்பந்தத்தோடு சேமியுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால், முழுக் கோப்பையும் திருப்பிக் கேளுங்கள்.

எழுந்திருக்கும் முன் ஆளுக்கொரு அசல் பிரதி. அங்கேயே பக்கம் பக்கமாகப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணத்துக்குத் தனி ரசீது வாங்குங்கள். காலம் முடிந்து வாடகை கூட்டி நீட்டிக்கும்போது, "பழையதே இருக்கட்டும், வாய்ப்பேச்சு போதும்" என்பார்கள். அன்றைக்கும் ஒரு தாளில் புதிய தொகை, புதிய தேதி, இரண்டு கையெழுத்து.