ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும்போது நேன் வந்தால்: சி நிரலர்களுக்கு

சென்சார் பதிவுக் கோப்புகளைப் படிக்கும் சி நிரல்களை ரிவ்யூ செய்வதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அதில் ஸ்ட்ரிங்கை எண்ணாக்கும் ஏடுஎஃப் ஃபங்ஷன் கண்ணில் பட்டால் மேற்கொண்டு படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். அது 0 என்று தந்தால், கோப்பில் இருந்தது 0-ஆ குப்பையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதற்குப் பதிலாக ஸ்ட்ர்டூடி-யை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்தில் வாசிப்பை நிறுத்தியது என்பதை அது இரண்டாவது ஆர்குமென்ட் வழியாகச் சொல்லிவிடும்.

சி மொழியின் 1999 தரநிலையான சி99 முதல் ஸ்ட்ர்டூடி எண்களோடு ‘இன்ஃப்’, ‘இன்ஃபினிட்டி’ (இரண்டும் முடிவிலி), ‘நேன்’ (‘எண் அல்ல’ என்று குறிக்கும் சிறப்பு மதிப்பு) ஆகியவற்றையும் ஏற்கிறது. பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, முன்னால் + அல்லது - இருந்தாலும் சரி. நேனுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் வரலாம். அதற்கு என்ன பொருள் என்பது அந்தந்த லைப்ரரியின் முடிவு. மூடும் குறி இல்லையென்றால் ‘நேன்’ வரை எடுத்துக்கொண்டு, திறந்த குறியிலேயே நின்றுவிடும்.

இதனால் பெயர் இருக்கும் பத்தியைத் தவறுதலாக எண் பத்தியாகப் படித்தால் வேடிக்கைதான். ‘நேன்சி’ என்ற பெயரில் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளை விழுங்கி நேன் தரும். ‘இன்ஃபோ’ முடிவிலியாகிவிடும். ஆகவே இரண்டாவது ஆர்குமென்ட் தரும் பாயிண்டர் நகர்ந்ததா என்று பார்ப்பது பாதி வேலைதான். மீதியிருக்கும் வெற்றிடத்தைத் தாண்டியபின் ஸ்ட்ரிங்கின் முடிவோ, நீங்கள் எதிர்பார்க்கும் பிரிப்பானோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்தச் சோதனை இன்னொன்றையும் பிடிக்கும். விஷுவல் ஸ்டுடியோ 2015-க்கு முந்தைய பதிப்புகளின் பிரிண்ட்எஃப், நேனை ‘1.#க்யூநேன்’, ‘-1.#ஐஎன்டி’ என்றெல்லாம் எழுதும். ஸ்ட்ர்டூடி அதில் 1-ஐ எடுத்துக்கொண்டு # குறியில் நின்றுவிடும். மீதியைப் பார்க்காத நிரலுக்கு அது சுத்தமான 1.0 அல்லது -1.0. கோப்பில் இல்லாத ஓர் அளவீடு சராசரிக்குள் நுழைந்துவிடும், யாருக்கும் தெரியாது. நேனைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

பிழைக் குறியீட்டை வைத்திருக்கும் எர்நோ இங்கே உதவாது. எண் அளவு மீறினால்தான் அது எரேஞ்ச் (வரம்பு மீறல்) ஆகும். நேன் முறையான உள்ளீடு என்பதால் சத்தமே வராது.

அப்புறம் வரம்புச் சோதனை. ரிவ்யூவில் நான் அடிக்கடி சுழிக்கும் வரி இதுதான்: மதிப்பு < 0 || மதிப்பு > 100 என்றால் பிழை. நேனோடு செய்யும் < > ஒப்பீடுகள் எல்லாமே பொய் என்பதால், இதில் அது அலுங்காமல் உள்ளே போய்விடும். திருப்பி எழுதுங்கள்: !(மதிப்பு >= 0 && மதிப்பு <= 100) என்றால் பிழை. நேனும் சிக்கும், முடிவிலியும் சிக்கும். வரம்பே இல்லாத பத்திக்கு, மதிப்பு நேனோ முடிவிலியோ அல்ல என்று உறுதிசெய்யும் இஸ்ஃபைனைட் போதும்.

ஆனால் ஜிசிசி கம்பைலரில் வேகத்துக்கான ஃபாஸ்ட்-மேத் கொடி போட்டிருந்தால் இவை எதையும் நம்ப முடியாது. நேன் வராது என்றே கம்பைலர் எடுத்துக்கொள்ளும். மதிப்பு நேனா என்று சோதிக்கும் இஸ்நேன் எப்போதும் பொய் என்றாகிவிடலாம், திருப்பி எழுதிய வரியையும் அது பழையபடி மாற்றிவிடலாம். பார்சிங் செய்யும் கோப்பை மட்டும் அந்தக் கொடி இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். முடியாவிட்டால் மெம்காப்பி மூலம் 64 பிட் முழு எண்ணுக்கு நகலெடுத்துப் பாருங்கள்: அடுக்கின் 11 பிட்டும் 1, பின்னத்தின் 52 பிட்டில் ஒன்றாவது 1 என்றால் அது நேன்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? ‘அளவீடு இல்லை’ என்பதற்கு நேன் வந்திருந்தால், தனியாக ஒரு கொடியில் குறித்துவையுங்கள். இல்லையென்றால் வரி எண்ணோடு நிராகரியுங்கள். இந்த முடிவை வாசிக்கும் இடத்திலேயே எடுக்க வேண்டும். உள்ளே விட்டால் வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டின் ஒப்பீட்டு ஃபங்ஷன் முன்னுக்குப்பின் முரணாகப் பேசும். முழு எண்ணாக மாற்றினால் வரையறுக்கப்படாத நடத்தை: எக்ஸ்86-இல் பெரும்பாலும் மிகச்சிறிய எதிர்மறை எண் கிடைக்கும், ஆர்ம்-இல் 0. ஜேசனில் எழுதவும் முடியாது. அந்த வடிவத்தில் நேனுக்கு இடமே இல்லை.

டெஸ்ட்டில் காலி ஸ்ட்ரிங், வெறும் வெற்றிடம், மைனஸ் நேன், மூடாத அடைப்புக்குறி, நேன்சி, அந்தப் பழைய 1.# வடிவம் எல்லாம் இருக்கட்டும். விடையை == போட்டு ஒப்பிடாதீர்கள், நேன் தனக்குத்தானே சமமில்லை. பிரிண்ட்எஃப் செய்து எழுத்தாக ஒப்பிடுவதும் வேண்டாம்: எக்ஸ்86-இல் நிரல் ஓடும்போது 0.0-ஐ 0.0-ஆல் வகுத்தால் குறி பிட்டோடு வரும், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி அதை மைனஸ் போட்டு அச்சிடும்.