நெடுந்தீவுக்கு ஒரு நாள் பயணம்

யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் 776 ஆம் இலக்க பஸ் ஏறினால் புங்குடுதீவு வழியாக, நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறை வரும். அதற்கே ஒன்றரை மணித்தியாலம் வரை பிடிக்கும். நெடுந்தீவுப் படகுகள் நாளுக்குச் சிலதான், ஆகவே காலையிலேயே கிளம்புங்கள். ஏறுமுன் கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்று படகோட்டியிடமே கேளுங்கள். பலர் தடுமாறுவது இதில்தான்: தவறவிட்டால் இரவு தீவில்தான்.

கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். மாசி முதல் சித்திரை வரை கடல் பெரும்பாலும் அமைதி. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் படகு நன்றாக ஆடும். கார்த்திகை, மார்கழியில் மழையும் சேரும், சேவையே நிற்கலாம். வயிறு புரட்டுபவர்கள் படகின் நடுப்பகுதியில், காற்றுப்படும்படி இருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் டீசல் மணமும் வெக்கையும் சேர்ந்து வாந்தியை வரவழைக்கும். வாந்தி மாத்திரையைப் புறப்பட அரை மணித்தியாலம் முன்பே போடுங்கள். தலை சுற்றிய பின் போட்டுப் பயனில்லை.

தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். நடந்து முடிக்க நினைக்காதீர்கள், நிழலும் குறைவு. துறையிலேயே ஓட்டோ பேசி, இடங்களையும் கூலியையும் முதலே முடிவுசெய்யுங்கள். பவளக்கல்லால் கட்டிய ஒல்லாந்தர் கோட்டை, பழைய புறாக்கூட்டுக் கட்டடம், பெருக்கமரம் (பாவோபாப்) பார்த்துவிட்டு, மட்டக்குதிரைகள் மேயும் தெற்கு வெளிக்கு நேரம் மிச்சம் வையுங்கள். கிட்டப்போனால் உதைக்கும்.

ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர், தொப்பி, சில்லறைக் காசு போதும்.