வெள்ளைச் சட்டையில் அக்குள் மஞ்சள்: போன விதம்

இரண்டு வெள்ளைச் சட்டை, இரண்டு இளநீலம், கருநீலத்திலும் சாம்பலிலும் ஒவ்வொரு பேன்ட். ஆபீஸ், கல்யாணம் எல்லாவற்றுக்கும் இவை போதும் என்று அலமாரியைக் குறைத்திருந்தேன். ஆறே மாதத்தில் இரண்டு வெள்ளைச் சட்டையிலும் அக்குளில் மஞ்சள்.

சோப்பு போட்டு பிரஷால் தேய்த்தேன், நூல்தான் பிசிறியது. குளோரின் பிளீச்சில் ஊறவைத்தேன், மஞ்சள் இன்னும் அடர்ந்தது. நீலம் போட்டதில் கறை பச்சையாகத் தெரிந்தது. நாலு நாள் வீண்.

அப்புறம்தான் விரலால் தடவிப் பார்த்தேன். கறை இருந்த இடம் மட்டும் கஞ்சி போட்டதுபோல விறைப்பு. வெறும் வியர்வை அப்படி விறைக்காது. வியர்வையைத் தடுக்கும் ரோல்-ஆனில் உள்ள அலுமினிய உப்பு, வியர்வையோடு சேர்ந்து நூலில் படிந்திருக்கிறது.

பிளீச் துளியும் மிஞ்சாமல் பலமுறை அலசினேன். அடுத்தது வினிகர்; குளோரின் பிளீச்சில் அது பட்டால் நச்சு வாயு வரும். ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீரில் ஒரு மணி நேரம். விறைப்பு இளகியது. மறுபடி அலசி, ஆக்ஸிஜன் பிளீச் (குளோரின் இல்லாத வகை) கலந்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் வெள்ளை. அப்பாடா!

கறை முழுசாகப் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் இறுகிவிடும். இப்போது ரோல்-ஆன் நன்றாகக் காய்ந்த பிறகே சட்டை மாட்டுகிறேன்.