நாவலுக்கு முன் நாற்பது அட்டை

லோக்கல் ரயிலில் நின்றபடியே போனில் ஒரு நாவலை 70 பக்கம் வரை எழுதினேன். அதற்கு மேல் கதாநாயகிக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியவில்லை. நாவல் அங்கேயே படுத்துவிட்டது. இப்போதெல்லாம் திட்டம் போட்ட பிறகுதான் எழுத உட்காருகிறேன்.

முதலில் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, இரண்டும் அதில் வர வேண்டும். என்னுடையது: ‘தாராவியில் இட்லி விற்கும் ஒருத்தி சொந்தமாக ஒரு கோலி (மும்பையில் ஒற்றை அறை வீட்டுக்கு இதுதான் பெயர்) வாங்கச் சீட்டு கட்டுகிறாள், கணவன் அவளுக்குத் தெரியாமல் அதை எடுத்துவிடுகிறான்.’ ‘மும்பைத் தமிழர் வாழ்க்கை’ என்று எழுதினால் அது கதை இல்லை, கருத்தரங்குத் தலைப்பு.

அடுத்து முடிவு. கோலி கிடைக்கிறதா, இல்லையா? இப்போதே குறித்துவையுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் பெரிய வேலை. தபால் அட்டை அளவில் நாற்பது அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு காட்சி: யார், எங்கே, காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. ஒன்றுமே மாறவில்லை என்றால் அந்த அட்டை வேண்டாம். பிறகு வரிசையாகப் பரப்புங்கள். (எங்கள் வீட்டில் தரை போதாது, கட்டிலில்தான் பரப்பினேன். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.) இரண்டு அட்டைகளுக்கு நடுவே ‘அப்புறம்’ என்று மட்டுமே சொல்ல முடிந்தால் கதை நகரவில்லை. ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ வர வேண்டும். மழையில் அரிசி மூட்டை நனைந்தது. அதனால் சீட்டை எடுக்க முடிவு செய்கிறாள். ஆனால் சீட்டு முன்பே போய்விட்டது.

சரி, இனி தேதிகள். யாருக்கு எந்த ஆண்டில் என்ன வயது என்று ஒரு தாளில் எழுதினால் போதும். ஊரில் நிஜமாக நடந்த சம்பவம் கதைக்குள் வந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. என் கதையில் வரும் மழை 2005 ஜூலை 26, மும்பை சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டிய செவ்வாய்க்கிழமை. அன்று மாலை அவள் லோக்கல் பிடித்துத் தாதரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாக அட்டை எழுதியிருந்தேன். அன்றைக்கு ஏது ரயில்? அட்டையைக் கிழித்துவிட்டு, சயானிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் அவளை நடக்கவிட்டேன். அந்தக் கூட்டத்தில் பக்கத்தில் நடந்து வருகிறவர் சீட்டுக்கார அம்மா! விஷயம் அவர் வாயிலிருந்தே வருகிறது. நானாக யோசித்திருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்காது.

நாற்பதும் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம். என் நாற்பதில் இன்னும் ஆறு அட்டை வெறுமைதான். நான் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறேன்.