நேர்காணலுக்கு முன் ஒப்புதல்: நீலகிரியில் கள ஆய்வு தொடங்குவோருக்கு

கூடலூர், பந்தலூர்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களின் உடல்நலம் குறித்து முதன்முறையாக நேர்காணல் எடுக்கப்போகும் மாணவருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆய்வில் பங்கேற்பவர்களின் நலன் காக்கப்படுகிறதா என்று பார்க்கும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிப்பது. ஆய்வுத் திட்டம், கேள்விகள், தகவல் தாள், ஒப்புதல் படிவம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். பின்னிரண்டும் பேசப்போகிறவர்களின் மொழியில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி இக்குழுவில் 7 முதல் 15 பேர் இருப்பர். தலைவர் வெளியிலிருந்து வருவார். துறை சாராத பொதுமக்களில் ஒருவரும் இருப்பார். தகவல் தாளை அந்தப் பொதுமனிதருக்குப் புரியும்படி எழுதினால் பாதி வேலை முடிந்தது. எழுத்து வடிவில் அனுமதி கைக்கு வரும்வரை ஒருவரிடமும் பேட்டி தொடங்கக் கூடாது. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் குடியிருப்புகள் என்றால் வனத்துறை அனுமதியும் தனியாகத் தேவை.

அடுத்தது தோட்ட மேலாளர் அல்லது ஊர்த்தலைவர். அவருடைய சம்மதம் உங்களுக்குக் கதவைத் திறந்துவிடுமே தவிர, உள்ளே இருப்பவரின் ஒப்புதல் ஆகிவிடாது. என் முதல் நேர்காணலை இலை நிறுக்கும் இடத்தில், மேற்பார்வையாளர் காதில் விழும் தூரத்தில் எடுத்தேன். எல்லாக் கேள்விக்கும் "நல்லாத்தான் இருக்கோம்" என்ற ஒரே பதில் வந்தது. அதே அம்மா, மாலையில் தம் லைன் வீட்டுத் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) திண்ணையில் இடுப்பு வலியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

ஒப்புதல் பெறும்போது தாளை நீட்டாதீர்கள், முதலில் பேசுங்கள். எதற்காக வந்தீர்கள், எவ்வளவு நேரம் ஆகும், பதிவை யார் கேட்பார்கள், இதனால் பட்டாவோ உதவித்தொகையோ கிடைக்காது, மறுத்தால் எதையும் இழக்க மாட்டார், நடுவில் எழுந்து போகலாம் என்பவற்றைச் சொல்லிவிட்டு, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். பிழையாகச் சொன்னால் மீண்டும் விளக்க வேண்டியது நீங்கள்தான். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை பெறுகையில், ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் உடனிருந்து கையொப்பமிட வேண்டும். ஒலிப்பதிவுக்குத் தனியாகக் கேளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு, பிள்ளையின் இசைவும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் தமிழ்ப் படிவம் மட்டும் போதாது. அவர்கள் மொழி அறிந்தவர் வேண்டும்.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடும் என்பது சமவெளி நினைப்பு. 2011 கணக்கெடுப்பில் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் சுமார் 2,000 பேர்தான்; சில வீடுகளே உள்ள மந்தில் (தோடர் குடியிருப்பில்) "செவிலியராகப் பணிபுரியும் பெண்" என்றால் எல்லோருக்கும் ஆள் தெரியும். தீங்கு எது என்பதையும் அவர்களே அறிவார்கள். 1901–02இல் தோடரிடையே தங்கிச் சடங்குகளைக் கேட்டறிந்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், ரகசியம் சொன்ன சிலருக்குப் பின்னர் நேர்ந்த துன்பங்களுக்குச் சொன்னதே காரணம் என்று தோடர்கள் கருதியதைத் தாமே பதிவு செய்திருக்கிறார். ஆகவே "எதை எழுதக் கூடாது?" என்ற கேள்வியைப் படிவத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

திரும்பும்போது தகவல் தாளின் ஒரு பிரதி அவர் வீட்டில் இருக்கட்டும். அதில் உங்கள் எண்ணோடு, உங்களைப் பற்றிப் புகார் சொல்வதற்கான நெறிமுறைக் குழுச் செயலரின் எண்ணும் இருக்க வேண்டும்.