ரோபோகாப் டிஸ்க் வாங்குவதற்கு முன்: பார்த்தவர்கள் சொல்வதை எப்படிப் படிப்பது

எங்கப்பா கும்பகோணத்தில் கேசட் வாடகைக் கடை வைத்திருந்தார். கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர், "அண்ணே, படம் பூரா கோடு கோடா ஓடுது, காப்பி சரியில்ல" என்று காசைத் திருப்பிக் கேட்பார். அப்பா வாக்குவாதம் செய்ய மாட்டார். கேசட்டை வாங்கி, கடையில் இருக்கும் டெக்கில் போட்டுப் பார்ப்பார். சுத்தமாக ஓடினால், "தம்பி, உங்க டெக்குல ஹெட் அழுக்கா இருக்கு. தொடச்சிட்டுப் போட்டுப் பாருங்க" என்பார். இங்கேயும் கோடு வந்தால் மறுபேச்சு இல்லை, காசு கைக்கு வந்துவிடும்.

செத்துப்போன போலீஸ்காரனை இயந்திர மனிதனாக்கும் ஹாலிவுட் படம் 'ரோபோகாப்'. அதை நான் முதலில் பார்த்தது அந்தக் கடைக் கேசட்டில்தான். இன்று வரை அந்தப் படத்தை ஐந்து வேறு வேறு வெளியீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே வாங்கிப் பார்த்தவர்கள் எழுதியதை நாள் கணக்கில் படித்திருக்கிறேன். படிக்கத் தெரியாமல் ஒரு முறை நல்ல காசை இழந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு ப்ளூ-ரே வரவழைத்தேன். வாங்கும் பக்கத்தில் ஒருவர், "எந்த நாட்டு பிளேயரிலும் ஓடுகிறது, நான் சோதித்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். அதை நம்பி, சுங்கவரியும் கட்டி எடுத்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்து, டிஸ்க்கைப் போட்டால், ரீஜன் பொருந்தவில்லை என்று ஒரே ஒரு வரி திரையில் வந்து நின்றது. என் மனைவி, "என்னங்க, இதுக்கா ரெண்டு வாரம் காத்திருந்தீங்க?" என்றாள். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதியது 4கே டிஸ்க்கைப் பற்றி. கடைக்காரர்கள் டிவிடி, ப்ளூ-ரே, 4கே எல்லாவற்றுக்கும் வந்த கருத்துகளை ஒரே பக்கத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். ரீஜன் பூட்டு என்பது ஒரு பகுதி நாடுகளின் டிஸ்க்கை வேறு பகுதி பிளேயரில் ஓடவிடாமல் தடுப்பது. 4கே டிஸ்க்குகளில் பொதுவாக அது கிடையாது. ப்ளூ-ரேயில் உண்டு. அமெரிக்காவுக்கு ஏ, பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் பி, இந்தியாவும் இலங்கையும் சி.

ஆகவே எந்தக் கருத்தைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இவர் எந்த டிஸ்க்கைச் சொல்கிறார் என்பதுதான். இந்தப் படத்துக்கு அது ரொம்ப முக்கியம். 1987-இல் வந்த படம். 1998-இல் கிரைட்டீரியன் என்ற நிறுவனம் ஒரு டிவிடி போட்டது. 2007-இல் முதல் ப்ளூ-ரே. 2014-இல் மூல நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் செய்து புதிய ப்ளூ-ரே. 2019-இல் ஆரோ வீடியோ இரண்டு டிஸ்க் பெட்டி போட்டது. 2022-இல் அதே நிறுவனம் 4கே டிஸ்க் கொண்டு வந்தது. "படம் மங்கல், காசுக்குக் கேடு" என்று ஒருவர் சொன்னால், அது 2007-ஐப் பற்றியா 2022-ஐப் பற்றியா என்று தெரியாமல் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. எழுதிய தேதியைப் பாருங்கள். 2010-இல் எழுதியவர் 2014 டிஸ்க்கைப் பார்த்திருக்க முடியாது. டிஸ்க்கின் ஆண்டையோ, நிறுவனத்தையோ, அட்டையையோ எங்கும் சொல்லாத கருத்தை நான் அப்படியே தாண்டிப் போய்விடுவேன்.

அடுத்தது, வெட்டியதா வெட்டாததா. இந்தப் படத்தை விரும்புகிறவர்கள் அதிகம் பேசுவது இதைத்தான். அமெரிக்கத் தணிக்கைக் குழு படத்துக்குத் திரும்பத் திரும்ப, பெரியவர்களுக்கு மட்டுமான எக்ஸ் சான்றிதழ் கொடுத்தது. அதைவிடத் தளர்வான ஆர் சான்றிதழ் வாங்குவதற்காக இயக்குநர் பால் வெர்ஹோவன் பல முறை ரத்தக் காட்சிகளைக் குறைத்தார். அப்படிக் குறைத்து தியேட்டருக்குப் போனது ஒன்று. குறைக்காத இயக்குநர் வடிவம் இன்னொன்று. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நிமிஷம்கூடத் தேறாது. ஆனால் அந்தச் சில விநாடிகள் மூன்று இடத்தில் குவிந்திருக்கின்றன: கம்பெனிக் கூட்டத்தில் இடி-209 என்ற ரோபோ சுடுவது, பின்னால் ரோபோகாப் ஆகும் போலீஸ்காரன் மர்ஃபி சாவது, கடைசியில் வில்லன் கிளாரன்ஸ் கழுத்தில் குத்துப்படுவது.

கூட்ட அறைக் காட்சியை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். புது ரோபோவைக் காட்டுகிறார்கள். கின்னி என்ற இளம் அதிகாரி சோதனைக்காக அதன் முன்னால் துப்பாக்கியை நீட்டுகிறான். கீழே போடு என்று அது சொல்கிறது. போட்டுவிடுகிறான். அது கவனிக்கவில்லை. எண்ணிக்கொண்டே வருகிறது. அறையில் இருப்பவர்கள் அவனைத் தங்கள் பக்கத்திலிருந்து தள்ளிவிடுகிறார்கள். பிறகு சுடுகிறது. டெல்டா சிட்டி என்ற கனவு நகரத்தின் வெள்ளை மாதிரி மேல் அவன் விழுகிறான். தியேட்டர் வடிவத்தில் அதோடு விஷயம் முடிந்துவிடும். நீண்ட வடிவத்தில், விழுந்த உடம்பின் மேல் இயந்திரம் சுட்டுக்கொண்டே இருக்கிறது. வெள்ளைக் கட்டடங்கள் சிவக்கின்றன. பின்னால் தொழில்நுட்ப ஆட்கள் ஒயரைப் பிடுங்கப் போராடுகிறார்கள்.

வெர்ஹோவன் இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார். அளவு மீறிப் போகும்போதுதான் அது கறுப்பு நகைச்சுவை ஆகிறது, குறைத்தபோது வெறும் கொடூரமாக மிஞ்சியது என்பது அவர் கட்சி. எனக்கும் அதே எண்ணம்தான். அதனால் "வெட்டாத வடிவத்தில் ரத்தம் ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்று எழுதுகிறவரைவிட, "அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது" என்று எழுதுகிறவரையே நம்புவேன். அவர் உண்மையிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மர்ஃபியின் சாவு வேறு விஷயம். நீண்ட வடிவத்தில் அதை இன்றும் என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. அங்கே குறைத்த வடிவமே மேல் என்று சொல்கிறவர்களோடு சண்டை போட மாட்டேன்.

2014 ப்ளூ-ரேயில் இயக்குநர் வடிவம் மட்டும்தான். ஆரோ வெளியீட்டில் இரண்டும் உண்டு. டிவிக்காக வெட்டி, வசவுகளுக்கு வேறு வார்த்தை டப் செய்த வடிவத்தையும் 2019 பெட்டியில் சேர்த்திருக்கிறார்கள். ரசாயனக் கழிவில் விழுந்து உருகும் வில்லன் கூட்டாளி எமிலைக் காணோம் என்று யாராவது புலம்பினால், அவர் பார்த்தது டிவிக்காக வெட்டியதாகத்தான் இருக்கும். அந்தக் காட்சி தியேட்டர் வடிவத்திலேயே உண்டு.

ஓடும் நேரத்தை வைத்து "இதில் நாலு நிமிஷம் வெட்டிவிட்டார்கள்" என்று ஆத்திரப்படுகிறவர்களும் உண்டு. பழைய பிரிட்டிஷ் டிவிடி வைத்திருப்பவர்கள் இப்படிச் சொன்னால் பதற வேண்டாம். ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடுவது. பிரிட்டனில் இருந்த 'பால்' (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியில் அதை 25 ஆக ஓட்டுவார்கள். 102 நிமிஷப் படம் ஏறக்குறைய 98-இல் முடிந்துவிடும். ஒரு ஷாட்கூட போயிருக்காது, குரல் மட்டும் லேசாக உயர்ந்து கேட்கும்.

நட்சத்திரக் கணக்கை மறந்துவிடுங்கள். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களை விரித்துப் படித்தால், கணிசமான பேர் டிஸ்க்கைப் பற்றியே பேசவில்லை. "பையனோடு உட்கார்ந்து பார்த்தேன், இப்படியா ரத்தம்?" என்று கொதித்திருப்பார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. 1988-இலேயே இந்தப் பெயரில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடரும் பொம்மைகளும் வந்துவிட்டன. பெயரை அப்படித் தெரிந்து வைத்திருப்பவர் குழந்தைப் படம் என்று நினைத்து வாங்குகிறார். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்தக் கருத்துகளை அவசியம் படியுங்கள். படத்தின் தரம் தெரிய வேண்டுமென்றால் அவை உதவாது. அட்டைப்பெட்டி மூலை நசுங்கியது, போஸ்டர் மடிந்தது என்பதெல்லாம் தபால்காரர் சமாச்சாரம்.

இனி, படத் தரம் பற்றிய குறைகள். அப்பா கேசட்டைக் கடை டெக்கில் போட்டுப் பார்த்த மாதிரி நாமும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். குறை டிஸ்க்கில் இருக்கிறதா, பார்த்தவரின் டிவியில் இருக்கிறதா, அல்லது படமே அப்படித்தானா?

நடுவில் செய்தி வாசிக்கும் பகுதிகள் வரும். "அந்த இடத்தில் மட்டும் படம் கேவலமாகிறது" என்று பலர் எழுதுகிறார்கள். அவை வீடியோவில் எடுத்து ஃபிலிமுக்கு மாற்றியவை. எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் அதற்கு மேல் தெளிவு வராது. இடி-209 நடக்கும் ஷாட்டுகளில் மணல் தூவினது போல் புள்ளிகள் அதிகம் தெரியும். தந்திரக் காட்சிக் கலைஞர் ஃபில் டிப்பெட் ரோபோவின் சின்ன மாதிரியைச் சட்டம் சட்டமாக நகர்த்தி, பின்னால் நடிகர்களின் படத்தைத் திரையில் ஓட்டி, இரண்டையும் சேர்த்துப் படம் பிடித்தார். ஏற்கெனவே எடுத்த படத்தைத் திரும்பப் படம் எடுத்தால் புள்ளி கூடத்தான் செய்யும். இந்த இரண்டையும் டிஸ்க்கின் குறையாக எழுதுகிறவரின் மற்றக் கருத்துகளையும் நான் அரைக் காதோடுதான் கேட்பேன்.

மாறாக, "புள்ளியே இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் மகிழ்ந்தால் எச்சரிக்கை வேண்டும். புள்ளியைத் துடைத்தால் கூடவே தோலும் போய்விடும். இதற்கு ஒரு நல்ல இடம் உண்டு. கைவிடப்பட்ட எஃகு ஆலையில் மர்ஃபி திருகாணிகளைக் கழற்றித் தலைக்கவசத்தை எடுக்கிறான். அவனோடு வேலை பார்த்த போலீஸ்காரி லூயிஸ் ஒரு உலோகத் துண்டைக் கண்ணாடி போலப் பிடிக்கிறாள். அவன் தன் முகத்தைப் பார்க்கிறான். ராப் பாட்டினின் ஒப்பனை அது. இரும்பு மண்டையின் மேல் முகத்தோலை இழுத்து ஒட்டிய மாதிரி இருக்கும். நெற்றியில் குண்டு பட்ட வடு. மர்ஃபியாக நடித்த பீட்டர் வெல்லரின் கன்னத்தில் நிஜத் துவாரங்கள் தெரிய வேண்டும், தோல் முடிந்து உலோகம் தொடங்கும் கோடு தெரிய வேண்டும். எல்லாம் ஒரே மெழுகாக வழவழவென்று இருந்தால் டிஸ்க்கைக் கெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், இல்லையென்றால் உங்கள் டிவியில் புள்ளியைத் துடைக்கும் இரைச்சல் குறைப்பு (நாய்ஸ் ரிடக்ஷன்) ஆன் ஆகியிருக்கிறது. முதலில் டிவி செட்டிங்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

"4கே டிஸ்க் இருட்டாக இருக்கிறது" என்ற கருத்துக்கும் அதே மருந்துதான். அவர் எந்தத் திரை வைத்திருக்கிறார் என்று தேடுங்கள். வெளிச்சம் போதாத திரையிலும் சாதாரண புரொஜெக்டரிலும் எச்டிஆர் படம், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் படம், இருண்டுதான் தெரியும். ராத்திரி பெட்ரோல் பங்க் வெடிக்கும் காட்சியைக் குறிப்பிட்டு எழுதியிருந்தால் கவனமாகப் படியுங்கள். இருட்டும் நெருப்பும் ஒன்றாக இருக்கும் இடம் அது.

திரையின் அளவு விகிதம் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. கிரைட்டீரியன் டிவிடியில் படத்தின் அகலம் உயரத்தைப் போல் 1.66 மடங்கு, பிறகு வந்தவற்றில் 1.85 மடங்கு. அதனால் "மேலும் கீழும் நறுக்கிவிட்டார்கள்" என்பார்கள். 1.85 அமெரிக்க தியேட்டர்களில் வழக்கமான அளவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரைட்டீரியன் டிவிடியைப் பழைய விலைக்கு யாராவது விற்றால், இன்றைய அகலத் திரையில் நாலு பக்கமும் கறுப்பு விட்டுச் சின்னதாக நடுவில் தெரியும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ஒலியைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, எழுதினால் வரிக்கு வரி படிப்பேன். ஆரோவின் 4கே வெளியீட்டில் பழைய ஸ்டீரியோ, நாலு சேனல், சுற்றிலும் ஒலிக்கும் 5.1, அட்மாஸ் என்று எல்லா ஒலி ட்ராக்குகளும் இருக்கின்றன. எந்த ட்ராக்கில் கேட்டார் என்று சொல்லாதவரின் ஒலிக் கருத்து வீண். மாடிப்படியில் இடி-209 உருண்டு விழுந்து பன்றிக்குட்டி போல அலறும் இடத்தையும், பேசில் போலிடூரிஸின் இசைக்கு நடுவில் ரோபோகாப்பின் காலடி எப்படி இறங்குகிறது என்பதையும் யாராவது ஒப்பிட்டிருந்தால், அந்த மனிதரின் மற்ற டிஸ்க் கருத்துகளையும் தேடிப் படியுங்கள். அப்படித் தேடி நான் நம்புகிறவர்கள் இப்போது நாலு பேர் இருக்கிறார்கள். நாற்பது பேர் சொல்வதைவிட அந்த நாலு பேர் போதும்.

டிஸ்க் வந்ததும் உறையைக் கிழித்த அன்றே, கூட்ட அறை, எஃகு ஆலை, பெட்ரோல் பங்க் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். குறை இருந்தால் திருப்பி அனுப்பும் காலக்கெடு தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். பிறகு நீங்களும் எழுதுங்கள். நான் போன மாதம் எழுதியது இது:

"ஆரோ, 4கே, 2022. இயக்குநர் வடிவம். 55 அங்குல ஓஎல்இடி, இரைச்சல் குறைப்பு அணைத்தது. பிளேயர் இந்தியாவில் வாங்கியது, ரீஜன் சிக்கல் இல்லை. எஃகு ஆலையில் கன்னத் துவாரம் தெரிகிறது, நெற்றி வடு தெரிகிறது. செய்திப் பகுதிகள் மங்கல், அது படத்தின் இயல்பு. ஸ்டீரியோ ட்ராக்கில் கேட்டேன், காலடி நெஞ்சில் இறங்குகிறது. குழந்தைகள் தூங்கிய பிறகு போடவும்."