சிட்னியின் மணற்கல்லைத் தேடி: குடும்பத்தோடு ஒரு புதையல் வேட்டை நடை

சிட்னி நகரம் மணற்கல்லின் மேல் நிற்பது மட்டுமன்று, அந்தக் கல்லாலேயே கட்டப்பட்டதும் ஆகும். இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆறுகள் கொண்டுவந்து படியவிட்ட மணல் இறுகி உருவான இந்தக் கல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டிய இடங்களும், அதைக் கொண்டு எழுப்பிய கட்டடங்களும் ‘த ராக்ஸ்’ பகுதியில் கூப்பிடு தொலைவில் உள்ளன. ஆகவே இங்கு நடத்தும் வேட்டையில் மிட்டாய்ப் பெட்டியை ஒளித்துவைக்கத் தேவையில்லை. கல்லில் மனிதக் கைகள் விட்டுச்சென்ற தடங்களையே புதையலாக வையுங்கள்.

பாதை இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் தான் என்றாலும், சிறுவர்கள் நின்று பார்த்து வரைய அரைநாள் ஒதுக்குவது நல்லது. ஐந்தாறு அட்டைகளில் குறிப்புகளை விடுகதைகளாக எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை வாசிக்கட்டும், பெரிய பிள்ளை வழி கண்டுபிடிக்கட்டும், தாத்தா பாட்டி விடை சரியா என்று தீர்ப்புச் சொல்லட்டும். தொப்பி, தண்ணீர், வரைதாள், பென்சில் ஆகியவற்றோடு ஒரு கைவிளக்கும் அவசியம். அதன் பயன் பின்னால் தெரியும்.

சர்குலர் கீ படகுத்துறையை ஒட்டியுள்ள கேட்மன்ஸ் காட்டேஜில் தொடங்குங்கள். 1816இல் கட்டப்பட்ட இந்தச் சிறு வீடு அன்று தண்ணீரின் விளிம்பிலேயே நின்றது. கரை இன்று எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தம் காலடிகளால் அளக்கலாம்.

அடுத்தது ஆர்கைல் கட். இந்த நடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் அதிக நேரத்தை இதற்கே கொடுங்கள். “மலையை இரண்டாக்கிய வழி, மார்பெல்லாம் தழும்பு, நான் யார்?” என்ற விடுகதை பிள்ளைகளை இங்கே அழைத்துவரும். த ராக்ஸையும் மில்லர்ஸ் பாயிண்டையும் பிரித்து நின்ற பாறை முகட்டை வெட்டி வழியமைக்கும் பணி 1843இல் தொடங்கியது. சங்கிலியிடப்பட்ட கைதிகள் சுத்தியலும் உளியும் கொண்டு வெட்டிய அந்த வேலை இடையில் நின்றுபோக, பின்னர் நகராட்சி வெடிமருந்தின் துணையோடு 1859இல் முடித்தது. சுவரின் அருகே சென்று, கைவிளக்கைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் பரப்பில் கருவிகள் இழுத்த கோடுகள் நிழலோடு எழுந்து நிற்கும். ஒரு கோட்டை இழுக்க எத்தனை அடி விழுந்திருக்கும் என்று பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். கருவித் தடங்களுக்கு இடையே சாய்வான மெல்லிய அடுக்குகளும் தென்படலாம். அவை பழைய ஆற்றின் நீரோட்டம் மணலைத் தள்ளிய திசையைக் காட்டுபவை. மனிதன் இட்ட கோடு எது, ஆறு இட்ட கோடு எது என்று பிரித்தறிவதே இந்த வேட்டையின் மிகச் சிறந்த கேள்வி என்பது என் கருத்து. வாகனங்கள் ஓடும் சாலை என்பதால் நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம். கல்லைச் சுரண்டவும் கூடாது. மணற்கல் எளிதில் உதிரும், உதிர்ந்த தடம் திரும்ப வராது.

வெட்டைக் கடந்ததும் கேரிசன் தேவாலயமும், சற்று அப்பால் அந்த வட்டாரத்துக் கல்லிலேயே எழுந்த லார்ட் நெல்சன் விடுதியும் வரும். பிறகு லோயர் ஃபோர்ட் தெரு வழியாக டாஸ் பாயிண்டுக்கு இறங்கி, துறைமுகப் பாலத்தின் கோபுரத்தடியில் ஒரு பொறியை வையுங்கள்: “இதுவும் மணற்கல்லா?” இல்லை என்பதே விடை. கான்கிரீட் கோபுரத்தின் மேல் போர்த்தியிருப்பது தெற்கே தொலைவிலுள்ள மொருயாவிலிருந்து வந்த கருங்கல் வகை. புள்ளி புள்ளியான அதன் படிகங்களையும் மணற்கல்லின் மணிகளையும் ஒப்பிட்டால் குழந்தைகளுக்கு இனி ஐயமே வராது.

ஹிக்சன் சாலை வழியே நடந்து பாரங்காரூ ரிசர்வில் நடையை முடியுங்கள். 2015இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவின் கரையில் அடுக்கியுள்ள ஏறத்தாழ 10,000 கற்களில் பெரும்பாலானவை அதே இடத்தைத் தோண்டி எடுத்தவை. இயந்திரம் அறுத்த முகத்தை ஆர்கைல் கட்டில் வரைந்த படத்தோடு ஒப்பிடுவது கடைசிப் பணி.

பெரிய பிள்ளைகள் இருந்தால் பிர்மாண்ட் பகுதிக்கு இன்னொரு நாளை ஒதுக்கலாம். சாண்டர்ஸ் குடும்பம் நடத்திய அங்குள்ள குவாரிகளுக்கு, வேலையின் கடுமைக்கேற்பச் சொர்க்கம், உத்தரிப்புத் தலம் (சொர்க்கம் சேருமுன் பாவம் கழுவும் இடம்), நரகக் குழி என்று பொருள்படும் பெயர்களைத் தொழிலாளர்கள் வைத்திருந்தார்கள். கல்தூசு நுரையீரலில் படிந்து உயிரைக் குடிக்கும் தொழில் அது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். “பிறக்கையில் சாம்பல், வளர வளரப் பொன்” என்ற விடுகதைக்கு விடை பிர்மாண்ட் கல்தான். வெட்டியதும் சாம்பல் நிறமாயிருக்கும் அது, உள்ளிருக்கும் இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறுவதால் மஞ்சளாகிறது. அந்தப் பொன்னிறத்தை மார்ட்டின் பிளேஸின் பழைய தலைமை அஞ்சலகத்தில் காணலாம். அதன் பிட் தெருப் பக்கத்தில் தொமாசோ சானி 1880களில் செதுக்கிய சாதாரண உழைப்பாளிகளின் உருவங்கள் அக்காலத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. ஒவ்வோர் உருவமும் என்ன தொழில் செய்கிறது என்று பிள்ளைகள் பட்டியலிடட்டும்.